நடு நாற்காலி

ஜூன் 1, ஞாயிறு

பூரணிக்கு ஒரு ஸ்டீரியோ வேண்டுமாம். போனில் பாட்டுக் கேட்பது போதவில்லை. வைப்பதற்கு இந்த வீட்டில் ஒரே இடம்தான் இருக்கிறது. என் அறை.

பத்தடிக்கு ஒன்பதடி. ஒரு மேசை, ஒரு ஜன்னல், இரண்டு சுவர் நிறையப் புத்தகம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவளேதான் சொன்னாள்: "இது உங்க ரூமுங்க. நான் தொந்தரவு பண்ண மாட்டேன்." பண்ணவும் இல்லை. இன்று வாசலில் நின்று சுவர்களைக் கண்ணால் அளந்தாள்.

"சின்னதா ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ்தாங்க. உங்க மேசைய அந்தப் பக்கம் தள்ளிட்டாப் போதும்."

"புளூடூத்ல ஒண்ணு வாங்கி ஹால்ல வெச்சுக்கலாமே."

"அது வேண்டாம். எனக்கு ரெண்டு பக்கமும் தனித்தனியாக் கேக்கணும்."

"எதுக்கு?" என்றேன். நான் கேட்டதே காதில் விழாததுபோல் திரும்பிப் போய்விட்டாள். சில மாதங்களாக இப்படித்தான். பிடிக்காத கேள்விக்குப் பதில் கிடையாது.

மதியம் சாப்பிட்டுப் படுத்ததும் கதையை வாசித்துக் காட்டினேன். ஞாயிறுதோறும் நடப்பது. எதிரில் ஒரு முகம் இருந்தால் எனக்கு என் எழுத்தை வாசிக்க வராது. குரல் நடுங்கும். அதனால் அவள் எனக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து, வலது கன்னத்தைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்வாள். நான் பின்னாலிருந்து வாசிப்பேன். முடித்ததும் சிறிது நேரம் கழித்துச் சொல்வாள்:

"நல்லா இருக்குங்க."

இவளைப்போல் ஒருவர் எனக்குக் கிடைத்ததில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

எதை வாங்குவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. "ஆல்வினக் கேக்கலாம்" என்றாள்.

ஆல்வின் அவளோடு கல்லூரி மெல்லிசைக் குழுவில் இருந்தவன். அவன் கீபோர்டு, இவள் பாட்டு. இப்போது எங்கள் ஊரிலேயே ராமநாதபுரம் பகுதியில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்கிறான். ஆறு மாதம் முன்பு ஒரு கல்யாண வரவேற்பில் அவனைப் பார்த்தோம். அதற்கு முன் அவன் பெயரை அவள் சொல்லிக் கேட்டதில்லை. அதற்குப் பின் சொல்லாத வாரம் இல்லை.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். நான் பாடம் எடுக்கும் கல்லூரி திறக்குமுன் பாடத்திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதவில்லை.

ஜூன் 7, சனி

வந்தான். கையில் அளவு டேப்.

"மதி ப்ரோ, ரூமு அருமையா இருக்குது. இத்தன புக்கு இருந்தா சவுண்டு எதிரொலிக்காது. நீங்க படிக்கறீங்களோ இல்லியோ, இதுக்கு நல்லா யூஸ் ஆகுது."

பூரணி சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவன் அவளை 'பூரி' என்கிறான். "பூரி, இந்த முனையப் பிடி." "பூரி, அங்க நில்லு." அவள் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு என் புத்தகங்களின் முன்னால் நின்றாள். ஜன்னல் சுவரின் இரு மூலைகளில் இரண்டு பாக்ஸ். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அதே தூரம் தள்ளி, நட்ட நடுவில் ஒரு நாற்காலி. அந்த இடத்தில் தரையில் வெள்ளை டேப்பைக் கிழித்துப் பெருக்கல் குறிபோல் ஒட்டினான்.

"இங்க உக்காந்தா பாடறவங்க உன் முன்னாடி நிப்பாங்க. ஒரு அடி தள்ளுனாலும் போச்சு."

"ரெண்டு பேரு கேக்கணும்னா?" என்றேன்.

"சின்ன ரூமு ப்ரோ. கரெக்டான எடம் ஒண்ணுதான். ஒருத்தர் உக்காரலாம். இன்னொருத்தர் சும்மா கேட்டுக்கலாம்."

அந்தக் குறி விழுந்த இடத்திலிருந்த என் மேசை கதவோரம் போயிருந்தது.

பிறகு டீ குடித்துக்கொண்டே, தான் பதிவு செய்த எதையோ போனில் போட்டுக் காட்டினான். அவள் போனை வாங்கி வலது காதில் ஒட்டிவைத்துக் கேட்டாள். நெற்றி சுருங்கியது.

"டேய், குப்பையா இருக்குடா. குரலு உள்ள போயிருச்சு. வயலின் எதுக்கு இப்பிடிக் கத்துது?"

"எங்க? ரெண்டாவது சரணத்துலயா?"

"முதல்ல இருந்தேதான்."

இருவரும் சிரித்தார்கள். அவன் போனிலேயே குறித்துக்கொண்டான்.

என் கதைகளை அவள் ஒருமுறைகூடக் குப்பை என்று சொன்னதில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இன்று மாலையிலிருந்து இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வாக்கியத்தின் நடுவே மூச்சுக்காக நிறுத்தினேன்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

கதை இன்னும் மூன்று பக்கம் இருந்தது. நான் மிச்சத்தை வாசிக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஜூன் 11, புதன்

அவள் போன் அடித்தது. ஹாலுக்கு ஓடினாள். அங்கே இல்லை. படுக்கையறைக்குப் போனாள். சத்தம் சமையலறையிலிருந்து வருகிறது என்பது எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. சொல்லவில்லை. அவள் இவ்வளவு பதறித் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் யார் அழைப்புக்கு இப்படி ஓடுவாள்?

கடைசியில் கிடைத்தது. அழைத்தது ஆல்வின்தான். மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினாள். துணி காய்கிறதா என்று பார்க்க நானும் போனேன். தென்மேற்குக் காற்று எல்லாத் துணியையும் கொடியின் ஒரு முனைக்கு ஒதுக்கியிருந்தது. அவள் என்னைப் பார்த்ததும், "சரிடா, செவ்வாய்க்கிழமை பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை என்ன?"

"ஆடிட்டிங் இருக்குதுங்க. லேட்டாகும்."

அவள் வேலை செய்யும் நூல் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆடிட்டிங் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது.

ஜூன் 14, சனி

கிராஸ்கட் ரோட்டில் ஸ்டீரியோ விற்கும் கடை. மூவரும் போனோம். கேட்டுப் பார்ப்பதற்கென்று மாடியில் துணி போர்த்திய சுவர்களோடு ஓர் அறை. ஒரு நாற்காலி.

மூன்று செட் போட்டுக் காட்டினார்கள். பூரணி கண்ணை மூடிக் கேட்டாள். அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கேட்பது என்பது அவளுக்கு இவ்வளவு உழைப்பு என்று எனக்குத் தெரியாது. என் கதைக்கு அவள் முகம் எப்படி இருக்கும்? நான் பார்த்ததில்லை. பார்க்காமல் ஏற்பாடு செய்துகொண்டவன் நான்தான்.

பாதிப் பாட்டில் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கடைக்காரர் பதறினார்.

"மேடம், பாக்ஸு இந்தப் பக்கமுங்க."

"விடுங்கண்ணா. அவங்க அப்பிடித்தான் கேப்பாங்க" என்றான் ஆல்வின்.

அவள் எப்படிக் கேட்பாள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு ஒரு விளையாட்டு. அவளைத் திரும்ப நேராக உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஆல்வின் செட்டுக்குப் பின்னால் போய் ஒரு பாக்ஸின் சத்தத்தை நிறுத்தினான்.

"இப்ப எந்தப் பக்கம் வருது?"

"வலது."

இடதுபக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. ஆல்வின் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லி அவள் தோளில் கை வைத்தான். உடனே எடுத்துவிட்டான். நான் விலைச் சீட்டுகளைப் படித்தேன்.

கையடக்க ஆம்ப்ளிபயர் ஒன்றும், புத்தக அலமாரியில் வைக்கிற அளவில் இரண்டு ஸ்பீக்கர்களும். அவன் சொன்னதைத்தான் எடுத்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும்.

"சனிக்கிழமை வந்து மாட்டிக் குடுத்தர்றேன் ப்ரோ."

"வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

பொறாமை என்ற சொல்லை இந்த நோட்டில் இதுவரை நான் எழுதவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அவள் கம்பெனிக்கு எதிரிலுள்ள பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். விடைத்தாள் கட்டு வாங்கப் போன வழி என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். நான்கு மணிக்கெல்லாம் அவள் ஸ்கூட்டர் வெளியே வந்தது. ஆட்டோவில் பின்னால் போனேன்.

அவிநாசி ரோட்டில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழே பேக்கரி. மேலே டியூஷன் சென்டர், ஏதோ ஒரு கிளினிக். அவள் ஸ்கூட்டரின் பக்கத்தில் ஆல்வினின் பைக்.

பேக்கரிக்குள் எட்டிப் பார்த்தேன். எல்லா மேசைகளையும் பார்த்தேன். இல்லை. இரண்டு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு வந்தேன், சும்மா வெளியே வரக் கூச்சமாக இருந்ததால்.

ஏழு மணிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஆடிட்டிங் முடிஞ்சுதா?"

"ம். எல்லாம் பாத்துட்டாங்க."

பன்னைக் கொடுத்தேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். பாதி தின்று வைத்துவிட்டாள்.

ஜூன் 18, புதன்

கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

ஜூன் 20, வெள்ளி

பெட்டி வந்தது. அவள் வேலையிலிருந்து வருமுன் மாட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நாளை ஆல்வின் இங்கே வர ஒரு காரணம் இருக்கக்கூடாது.

இதில் ஒரு பெரிய வித்தையும் இல்லை. மேசைக்கு அடியில் வைத்த ஆம்ப்ளிபயரிலிருந்து ஒவ்வொரு பாக்ஸுக்கும் இரட்டை வயர். ஒன்றில் மெல்லிய கோடு, இன்னொன்று வெறுமை. சிவப்பு ஓட்டை, கருப்பு ஓட்டை. மேசைக்கு அடியில் படுத்து, வெளிச்சத்துக்குப் போனைப் பல்லில் கடித்துக்கொண்டு மாட்டினேன். மாட்டும்போது முழுக்க, அவன் தோளில் வைத்த கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டேன். பாடியது. வெற்றி.

அவள் வந்து முகம் கழுவிக்கொண்டு, தரையில் ஒட்டிய குறியின்மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கல்லூரியில் அவள் பாடிப் பரிசு வாங்கிய பாட்டு. ஒரே ஒரு பெண் குரல், பின்னால் கொஞ்சம் தபலா.

நான் வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். குரல் வரவேண்டிய இடத்தில் அது மாறியது. வலது காதைக் கையால் மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"எப்படி?" என்றேன்.

"நல்லா இருக்குங்க."

என் கதைக்குச் சொல்வதுபோலவே சொன்னாள். பிறகு குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது. சிறுவாணித் தண்ணீர் வராத நாள்; தொட்டியில் இருந்ததே கொஞ்சம்.

அவன் மாட்டியிருந்தால் இப்படிச் செய்திருப்பாளா?

ஜூன் 21, சனி

சமைக்கவில்லை. சாப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்கிறாள், போடுகிறாள், நிறுத்துகிறாள். திருப்பிப் போட்டு உட்கார்கிறாள். எழுகிறாள்.

"பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்தரலாம்."

"அதெல்லாம் இல்லீங்க. செட்டு நல்லாத்தான் இருக்குது."

"அப்ப என்ன?"

என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். என் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். மாவு ஆட்டப் போய்விட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் அவளே ஆல்வினுக்குப் போன் செய்தாள். என் எதிரிலேயே. "கொஞ்சம் வாடா. இப்பவே வா."

சர்ச் முடிந்து நேராக வந்தான், வெள்ளைச் சட்டையில். பாட்டைப் போடச் சொன்னான். இரண்டு வரிகூட ஓடவில்லை. நிறுத்தினான்.

"யாரு மாட்டுனது?"

"நான்தான்."

மேசைக்கு அடியில் போய்ப் படுத்தான். வெள்ளைச் சட்டை பூராவும் தூசி.

"ப்ரோ, இந்தப் பாக்ஸுக்கு சிவப்பும் கருப்பும் மாத்திச் சொருகிட்டீங்க. ஒண்ணு காத்தத் தள்ளறப்போ இன்னொண்ணு இழுக்குது. குரல் நடுவுல செத்துரும். எல்லாருக்கும் நடக்கறதுதான்."

மாற்றிச் சொருகிப் போட்டான். அந்தப் பெண் குரல் அறையின் நடுவே வந்து நின்றது. கதவோரம் இருந்த எனக்கே கேட்டது.

பூரணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அப்ப... வயருதானா?"

"வயருதான் பூரி."

"இந்தக் காது இல்லியா?"

"இல்ல. உன் வலது காது நல்லாத்தான் இருக்குது. நல்லா இருக்கப் போய்த்தான் அந்தத் தப்பு அதுக்குக் கேட்டுருக்குது."

அவள் தரையில், அந்தக் குறியின்மேலேயே உட்கார்ந்து அழுதாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள். ஆல்வின் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"பூரி, நீ இன்னும் வீட்ல சொல்லலியா?"

டீ வேண்டாம் என்று கிளம்பிவிட்டான். போகும்போது பாட்டை நிறுத்த மறந்துவிட்டான், அல்லது மறந்ததுபோல் விட்டுவிட்டான்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தீபாவளி முடிஞ்ச வாரமுங்க. காலைல எந்திரிச்சா இடது காதுல கொய்ங்னு ஒரே சத்தம். சளின்னு நெனச்சேன். அப்புறம் அந்தச் சத்தமும் நின்னுருச்சு. எல்லாமே நின்னுருச்சு. டாக்டருகிட்ட லேட்டாப் போனேன். போனது வராதுன்னுட்டாரு. வலது இப்போதைக்குச் சரியா இருக்குது, மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்கோன்னாரு. செவ்வாய்க்கிழமை அதுக்குத்தான் போனேன். தனியாப் போகப் பயம், அதான் அவனக் கூப்புட்டேன். வீட்ல ரெண்டு பாக்ஸு இருந்தா நானே அப்பப்போ பாத்துக்கலாம், இடது கொஞ்சமாவது வருதான்னு. வெள்ளிக்கிழமை கேட்டப்போ வலதும் போயிருச்சுன்னு நெனச்சுட்டேனுங்க."

இரண்டு நாள். நான் மாட்டிய வயரால் இரண்டு நாள் அவள் அப்படி இருந்தாள். நான் அவனைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவனுக்கு எப்படித் தெரியும்?" எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது அதுதான்.

"நான் சொல்லலீங்க. அந்தக் கல்யாணத்துல ஒரே மேளச் சத்தம். என் இடது பக்கம் வந்து என்னமோ சொன்னான். எனக்குக் கேக்கல. ஒரு நிமிஷம் என்னையப் பாத்தான். சுத்தி வந்து வலது பக்கம் நின்னுட்டான். சாப்புட்டு முடிக்கற வரைக்கும் அந்தப் பக்கந்தான் நின்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தினாள்.

"டாக்டரப் பாத்துட்டு வந்த ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னுதான் இருந்தேன். படிச்சு முடிச்சுட்டு எப்படின்னு கேட்டீங்க. திரும்பி உங்க மூஞ்சியப் பாத்தேன். ஒண்ணும் கேக்கலைன்னு எப்பிடிங்க சொல்றது? நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரமும் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"அப்ப எந்தக் கதையும்..."

"முணுமுணுன்னு வரும். நல்ல காது தலகாணிலயில்ல இருக்குது."

ஜூன் 24, செவ்வாய்

ஆல்வின்மேல் இருந்த பொறாமை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. முன்பு ஒரு கையைப் பற்றி இருந்தது. இப்போது அவன் சுற்றி வந்து நின்ற அந்த நான்கைந்து அடியைப் பற்றி இருக்கிறது. ஒரு கூட்டத்தில் ஒரு முறை பார்த்ததும் அவனால் நடக்க முடிந்தது. நான் அவள் பக்கத்தில் படுத்திருந்தேன்.

பாடத்திட்டம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒற்றைப் பாக்ஸாக வாங்கிவிடலாமா என்றேன். கோபித்துக்கொண்டாள். "காது போனா ரசனையும் போயிருமுங்களா?"

ஆல்வினுக்கு நானே போன் செய்தேன். முதல் முறை. ஆம்ப்ளிபயரின் பின்னால் மோனோ என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம். அழுத்தினால் இரண்டு பக்கத்துப் பாட்டும் இரண்டு பாக்ஸிலும் வரும். எந்த வாத்தியமும் அவளுக்குத் தப்பாது.

"அப்ப நாற்காலி?" என்றேன்.

"எங்க வேணா போட்டுக்கங்க ப்ரோ. ரெண்டு போட்டாலும் சரி."

நன்றி சொன்னேன். "அது இருக்கட்டும் ப்ரோ, பூரிய அடுத்த தடவை டாக்டருகிட்ட நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றான். வைத்தபின் சிறிது நேரம் அவனை வெறுத்தேன்.

தரையிலிருந்த டேப்பை நகத்தால் கிள்ளி எடுத்தேன். பிசின் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

கட்டிலில் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். நான் சுவர்ப் பக்கம் வந்துவிட்டால், அவள் எனக்கு முதுகு காட்டியே படுக்கலாம், நல்ல காது மேலே இருக்கும். முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன்.

"எதுக்குங்க அவ்வளவு கஷ்டம்?" என்றாள். இருந்த இடத்திலேயே என் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். இடது காது தலையணையில் புதைந்தது. முகம் ஒரு முழத் தூரத்தில்.

"படிங்க."

"முதல்ல இருந்தா?"

"முதல் கதையில இருந்து."

தீபாவளிக்குப் பின் எழுதிய கதையைத் தேடி எடுத்தேன். குரல் நடுங்கியது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெற்றி லேசாகச் சுருங்கியது. இந்தச் சுருக்கத்தை எனக்குத் தெரியும். ஆல்வினின் போனைக் காதில் வைத்தபோது பார்த்தது.

இரண்டாம் பக்கத்தில் கையை நீட்டித் தாளை மறைத்தாள்.

"நிறுத்துங்க. இந்த ஆளு எதுக்கு இத்தன நேரம் ஜன்னல்ல நின்னு மழையப் பாத்துட்டு இருக்கறான்?"

"அது அவனோட தனிமை."

"அவன் பொண்டாட்டி உள்ளதான இருக்கறா? கூப்புட்டா வந்துருவாளே."

எட்டு மாதமாக எனக்கு மிகவும் பிடித்த பத்தி அது.

"குப்பையா?" என்றேன்.

"இந்தப் பத்தி மட்டும்" என்றாள். சற்று யோசித்து, "அடுத்ததும்" என்றாள்.

பேனாவை எடுத்து இரண்டையும் குறுக்கே அடித்தேன். அடுத்த வரியைத் தொடங்குமுன் நிமிர்ந்து பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்தாள்.